பெர்மெத் சொன்ன குதிரைக்குட்டிக் கதை

சாரி-பெல் கிராமம்
1998 செப்டம்பர் 12

என் தங்கை ஜுமாகுலுக்கு அக்கா அனார்கான் எழுதுவது. இங்கே மனிதரும் கால்நடையும் சுகம். நீ சுகமா? முட்டிவலி குறைந்ததா? சாப்பாடு உள்ளே இறங்குகிறதா? உன் மகள் பெர்மெத் நன்றாக இருக்கிறாள். போன வருஷக் கோட்டின் கை அவளுக்கு முழங்கைப் பக்கம் ஏறிவிட்டது.

பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. இரண்டாம் வகுப்பு இந்த வருஷமும் என் தலையில்தான். பத்தொன்பது பிள்ளைகள், நான்கு பாடப்புத்தகங்கள். அதிலும் ஒன்றை யாரோ அடுப்பு பற்றவைக்கப் பாதி கிழித்திருக்கிறார்கள். புத்தகம் இல்லாவிட்டால் என்ன, பிள்ளைகளே எழுதட்டும் என்று துணிந்துவிட்டேன். கூட்டுப்பண்ணை ஆபீசில் பழைய சுவரொட்டிகள் ஒரு கட்டுக் கிடந்தன. முன்பக்கம் டிராக்டரும் கோதுமையும், பின்பக்கம் வெறுமை. வெட்டி ஆளுக்கு நான்கு தாள் கொடுத்தேன். "மாயக்கதை எழுதுங்க. நான் சொன்னது வேண்டாம், உங்க வீட்ல கேட்டதும் வேண்டாம். உங்களோடது" என்றேன். வாயில் ஈ போவது தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

பிறகு அவர்கள் விளையாடும் ஆட்டு முட்டி எலும்புகளைக் கொண்டுவரச் சொன்னேன். ஒன்று கான் ராஜா, ஒன்று ஓநாய், ஒன்று சூனியக்காரி. மேசைமேல் நிறுத்தி, நகர்த்தி, முதலில் வாயால் சொல்ல வேண்டும். அதற்கப்புறம்தான் பென்சில். கதையில் செத்தவனின் எலும்பு பைக்குள் போய்விட வேண்டும், மறுபடி எடுக்கக் கூடாது. அது அவர்களே போட்ட சட்டம். நான் எழுத்துப்பிழையை மட்டும் திருத்துவேன், கதையில் கைவைக்க மாட்டேன். இது நான் போட்ட சட்டம். மத்தியான மணி அடிப்பதற்குள் பத்துக் கான்கள் செத்துப்போகிறார்கள் ஜுமாகுல்! உலான் என்று ஒரு வாலில்லாத குரங்கு இருக்கிறான். அவன் கதையில் ஓநாய்க்குச் சுங்கச்சாவடியில் வேலை கிடைக்கிறது. "ஏண்டா ஓநாய்க்கு அங்க வேலை?" என்றேன். "ஓடி ஓடித் தின்னு அலுத்துப்போச்சு டீச்சர். இங்கன்னா ஆடுங்களே வரிசைல வந்து நிக்குது" என்கிறான்.

உன் மகள் மட்டும் இன்னும் எழுதவில்லை. எலும்புகளை வரிசையாக வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். நீ பட்டணத்தில் தையல் வேலை செய்கிறாய் என்றுதான் இப்போதும் சொல்லி வைத்திருக்கிறேன்.

உன்னிடம் மறைக்கக் கூடாத ஒன்று உண்டு. உன் புருஷனின் அண்ணன், அந்தத் தொக்தொசுன் வந்திருந்தான். உன் புருஷன் ஆற்றோடு போனபோது ஒரு பிடி மண் போட வராதவன், இப்போது ஊர்ப் பெரியவர்களை உட்காரவைத்துப் பேசினான். "அவ எங்க எலும்பு. தகப்பன் இல்லாத பிள்ளை தகப்பன் வீட்லதான் வளரணும். தாய் வழியில ஒட்டிக்கிட்டு இருக்கறது எங்களுக்குத்தான் கேவலம். நவ்ரூஸ் புத்தாண்டு வரைக்கும் பொறுப்போம். அதுக்குள்ள அவ அம்மா வந்துட்டா சரி. வரலேன்னா கூட்டிட்டுப் போயிடுவேன்." அவனுக்கு மூன்று பையன்கள். தண்ணீர் தூக்க ஒரு பெண்பிள்ளை வேண்டும், விஷயம் அவ்வளவுதான். பெரியவர்களும் தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். ஆக, மார்ச் இருபத்தொன்றுக்குள் நீ இந்த வாசலில் வந்து நிற்க வேண்டும்.

மனதைத் திடமாக வைத்துக்கொள்.
அக்கா அனார்கான்

*

1998 அக்டோபர் 4

அன்புள்ள அக்காவுக்கு உன் ஜுமாகுல். உடம்பு சுகம்தான். உனக்கும் என் கண்மணிக்கும் உன் ஒற்றைக் கொம்புப் பசுவுக்கும் என் விசாரிப்பு.

நல்ல சேதி சொல்கிறேன். என்னை ஜெயில் மாட்டுப்பண்ணைக்கு மாற்றிவிட்டார்கள். இங்கே சுவர் இல்லை அக்கா! இருக்கிற கம்பிவேலியும் மாட்டுக்குத்தான், எங்களுக்கில்லை. நாற்பது பெண்கள், நூறு பசுக்கள், மூன்று காவலர்கள். காலையும் மாலையும் பேர் கூப்பிடும்போது "இருக்கேன்" என்று குரல் கொடுத்தால் போதும். பிப்ரவரி கடைசியில் விசாரணைக் குழு வருகிறது. ஒழுங்காக இருந்தவர்களுக்கு மிச்சக் காலத்தைத் தள்ளுபடி செய்து வீட்டுக்கு அனுப்புவார்களாம். என் பெயர் பட்டியலில் மூன்றாவது. தொக்தொசுனிடம் சொல், நவ்ரூஸ் விருந்துக்கு நான் என் கையால் போர்சோக் ரொட்டி பொரித்து அவன் வாயில் திணிப்பேன்.

என் பக்கத்துக் கட்டில் ராய்கான். தலாஸ்காரி, ஐம்பத்தாறு வயது, மணியான குரல். யாருக்குக் கடிதம் வந்தாலும் அவள்தான் கொட்டிலில் நின்று எல்லோருக்கும் படிப்பாள். உன் கடிதத்தில் ஓநாய் வரும் இடத்தை மூன்று தடவை படிக்கச் சொன்னார்கள். யாரோ கொடுத்த அபின் பையைத் திறந்துகூடப் பார்க்காமல் பஸ்ஸில் தூக்கிவந்த முட்டாளுக்கு ஐந்து வருஷம் கம்மிதான் என்று என்னைக் கிண்டலடிப்பதும் அவளேதான். அவளுக்கும் அதே மாதிரிப் பைதான், ஏழு வருஷம்.

பெர்மெத் எழுதினால் அவள் கையெழுத்திலேயே அனுப்பு. பிழை இருந்தால் இருக்கட்டும். குளிர்காலம் வந்தால் அவளுக்கு நெஞ்சில் கட்டுமே, பார்த்துக்கொள்.

உன் தங்கை
ஜுமாகுல்

*

சாரி-பெல்
1998 அக்டோபர் 30

தங்கை ஜுமாகுலுக்கு. மனிதரும் கால்நடையும் சுகம். நீயும் உன் நூறு பசுக்களும் சுகமென்று நினைக்கிறேன்.

எழுதிவிட்டாள்! கதையை இத்துடன் வைத்திருக்கிறேன். பின்பக்கம் தெரிவது டிராக்டர் சக்கரம். ராய்கானின் கண்ணுக்கு எழுத்து எட்டாமல் போனால் என்று கீழேயும் எழுதுகிறேன்.

"முன்னொரு காலத்தில் ஒரு அம்மா வானத்துக்குச் சட்டை தைத்தாள். வானம் பெரியது. அதனால் நேரமாகிவிட்டது. முடிந்ததும் வானம் போட்டுப் பார்த்தது. கை குட்டையாக இருக்கிறது, அவிழ்த்துத் தை என்றது. அம்மா போடா என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். வானம் இப்போதும் குட்டைக் கைச் சட்டைதான் போட்டிருக்கிறது. அதனால்தான் குளிர்."

படித்து முடித்ததும் வகுப்பே கைதட்டியது. உலான் மட்டும் "வானத்துக்குப் பொத்தான் யார் தச்சாங்க?" என்று மடக்கப் பார்த்தான். "உன் ஓநாய்" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை ஜுமாகுல். சுட்டுப் போட்டாலும் வராத வித்தை இது, அவளுக்குத் தானாக வந்திருக்கிறது.

ஊரில் ஒரு துக்கம். பக்கத்து வீட்டுச் சாகினின் மகன் சைபீரியாவில் ஆப்பிள் விற்கப் போனவன், அங்கேயே போய்விட்டான். சேதி வந்து ஐந்து நாள் ஊரே வாயை மூடிக்கொண்டு சாகினுக்கு வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தது. பிறகு சாவைக் கதையாகச் சொல்லும் வழக்கப்படி ஏழு பேர் போய் உட்கார்ந்து தேநீர் குடித்து, ஏரியில் இருந்த அன்னம் ஒன்று தெற்கே போய்த் திரும்பாத கதையை ஆரம்பித்தார்கள். பாதியிலேயே சாகின் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். "போதும். எந்த மகன்?" என்று மட்டும் கேட்டாராம்.

மறுநாள் வகுப்பில் பெர்மெத் கேட்டாள்: "சாவைக் கதையாச் சொன்னா வலிக்காதா பெரியம்மா?" வலிக்கும், ஆனால் உட்கார்ந்து கேட்க முடியும் என்றேன். அவளுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை போல் தெரிந்தது.

மனதைத் திடமாக வைத்துக்கொள்.
அக்கா

*

1998 நவம்பர் 21

அக்கா, சுகம்தானே? நான் சுகம்.

வானத்துச் சட்டையை ராய்கான் படித்தபோது பால் கறந்துகொண்டிருந்தவர்கள் எல்லோரும் கையை எடுத்துவிட்டார்கள். "போடா" வந்ததும் சிரிப்பில் ஒருத்தி வாளியைக் கவிழ்த்து, காவலனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். தாளை என் தலையணை உறைக்குள் வைத்திருக்கிறேன். அவளுடைய 'அ'வுக்கு வால் எவ்வளவு நீளம்!

சாகினை நினைத்தால் ஆறவில்லை. ஐந்து நாள் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, பெற்றவனுக்குத் தெரியவில்லை. தூரத்தில் இருக்கிறவர்களிடம் கெட்டதைச் சொல்லாதே என்று நம் ஆட்கள் வைத்திருக்கிறார்களே, அது இரக்கமாம். தூரத்தில் இருந்து பார்த்தால்தான் அது என்ன என்று தெரியும் அக்கா. எனக்கு ஒரு வாக்குக் கொடு. என் பிள்ளைக்குத் தலைவலி என்றாலும் தலைவலி என்றே எழுது. அன்னம், புறா, ஆட்டுக்குட்டி எதுவும் வேண்டாம். நேராகச் சொல். சரி என்று ஒரு வார்த்தை எழுதி அனுப்பு.

விசாரணைக்கு இன்னும் மூன்று மாதம். விரல்விட்டு எண்ணுகிறேன்.

ஜுமாகுல்

*

சாரி-பெல்
1998 டிசம்பர் 14

தங்கை ஜுமாகுலுக்கு. எல்லாம் சுகம்.

பனி ஜன்னல்வரை ஏறிவிட்டது. பள்ளிக்கு நிலக்கரி வரவில்லை, பிள்ளைகள் ஆளுக்கொரு வறட்டி கொண்டுவருகிறார்கள். உலானின் ஓநாய் சுங்கச்சாவடி வேலையை விட்டுவிட்டு ஆட்டுக்கு மருமகனாகப் போய்விட்டது.

பெர்மெத் தூங்குகிறாள். அதனால் இந்தமுறை அவள் கையால் எதுவும் இல்லை. அடுத்த கடிதத்தில் அனுப்புகிறேன். வேறொன்றும் விசேஷமில்லை.

மனதைத் திடமாக வைத்துக்கொள்.
அக்கா

*

1999 ஜனவரி 3

அக்காவுக்கு. புது வருஷம் நல்லதாக இருக்கட்டும். நான் சுகம்.

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். மத்தியானம் தபால் வேன் வருவதற்கு முன்னால்தானே நீ எழுதுவாய்? அந்த நேரத்தில் எட்டு வயதுப் பிள்ளை ஏன் தூங்குகிறாள்? கால்நடை சுகமா என்றுகூட எழுதவில்லை. நான் கேட்ட வாக்குக்கும் பதில் இல்லை.

எனக்கு இங்கே வேலை பசுவின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு யோசிப்பதுதான், அதனால் கண்டதையும் யோசிக்கிறேன் என்று ராய்கான் திட்டுகிறாள். இருக்கலாம். ஆனாலும் கெஞ்சுகிறேன் அக்கா, அவள் கையால் ஒரு வரி அனுப்பு. அவள் பெயரை மட்டும் எழுதச் சொன்னாலும் போதும்.

ஜுமாகுல்

*

1999 ஜனவரி 16

ஜுமாகுல், கணவாயை மூடப்போகிறார்களாம். வேன்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கிறான். நிறைய எழுத நேரமில்லை. இதை மட்டும் படி.

"ஒரு வெள்ளைக் குதிரைக்குட்டி இருந்தது. அதன் அம்மாவை ஆற்றுக்கு அந்தப் பக்கம் கட்டிவைத்திருந்தார்கள். குட்டிக்கு உடம்பெல்லாம் சூடு. அது நின்ற இடத்தில் பனி உருகியது. வெள்ளை உடுப்புப் போட்ட ஒரு அக்கா வந்து, வா, நல்ல புல் இருக்கிற இடத்துக்குப் போகலாம் என்றாள். குட்டி ஆற்றுப் பனிமேல் நடந்தது. பனி ஜில்லென்று இருந்தது. குட்டி அதன்மேல் படுத்துக்கொண்டது. கரையில் எல்லாக் குதிரைகளும் வந்து நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டன. குட்டி திரும்பவில்லை. அம்மாவிடம் சொல்லுங்கள், எனக்கு இப்போது சூடு இல்லை என்றது."

மனதைத் திடமாக வைத்துக்கொள்.
அக்கா

*

சாரி-பெல்
1999 பிப்ரவரி 12

என் அருமைத் தங்கை ஜுமாகுலுக்கு அக்கா அனார்கான் ஆயிரம் விசாரிப்புகளுடன் எழுதுவது. மனிதரும் கால்நடையும் சுகம். இந்தமுறை உண்மையாகவே சுகம்.

ஏறக்குறைய நான்கு வாரமாகக் கணவாய் மூடிக் கிடக்கிறது, இன்றுதான் வேன் போகிறதாம். உன்னிடமிருந்தும் ஒன்றும் வரவில்லை. இனி மறைக்க ஒன்றுமில்லை, திட்டுவதானால் திட்டிக்கொள். டிசம்பரிலேயே பெர்மெத்துக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. நீ அங்கே கையைப் பிசைந்துகொண்டு என்ன செய்வாய், விசாரணைக்கு முன்னால் ஏன் உன்னைக் கலக்க வேண்டும் என்று எழுதவில்லை. ஜனவரி ஐந்தாம் தேதி மூச்சு விட முடியாமல் போய், மாவட்ட ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஒன்பது நாள் கண் திறக்கவில்லை, ஒரு பேச்சு இல்லை. நான் அவள் காலடியில் தரையில் கிடந்தேன்.

பத்தாம் நாள், ஜனவரி பதினைந்து, கண்ணைத் திறந்தாள். தண்ணீர்கூடக் கேட்கவில்லை. "பெரியம்மா, ஒரு கதை இருக்கு, எழுதிக்கிறீங்களா?" என்றாள்! வெள்ளை உடுப்பு அக்கா யாரென்று நினைக்கிறாய்? அங்கேயிருந்த நர்ஸ்தான். நான் அழுதுகொண்டே எழுதினேன். பாதி சொன்னதும் களைத்துத் தூங்கிவிட்டாள். மறுநாள் ஆஸ்பத்திரி வாசலில் வேன் நின்றது, அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. பாதியாக இருந்தாலும் உன் பிள்ளை பேசியதாயிற்றே என்று அப்படியே உறையில் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் மீதியைச் சொன்னாள். வெயில் வந்து பனி உடைகிறது. குட்டி படுத்திருந்த துண்டு அப்படியே மிதந்து அந்தக் கரையில் போய் முட்டுகிறது. அம்மாக் குதிரை கட்டைக் கடித்து அறுத்துக்கொண்டு நிற்கிறது. இரண்டும் சேர்ந்து புல் தின்னப் போகின்றன. அவ்வளவுதான் கதை. இந்தப் பகுதியை அவளே தன் கையால் எழுதி, இரண்டு குதிரைகளும் வரைந்திருக்கிறாள். பெரிய குதிரைக்கு உன்னைப் போலவே முக்காடு.

விசாரணை முடிந்ததும் தந்தி கொடு. நாங்கள் பஸ் நிற்கும் இடத்துக்கே வந்து நிற்போம்.

அக்கா அனார்கான்

*

1999 மார்ச் 9

அக்காவுக்கு ஜுமாகுல் எழுதுவது. உயிரோடு இருக்கிறேன். உன் பிப்ரவரிக் கடிதம் பழைய இடத்துக்குப் போய் இங்கே திருப்பி அனுப்பப்பட்டிருக்கிறது. நான் இப்போது ஜெயில் சுவருக்குள் இருக்கும் ஆஸ்பத்திரியில் இருக்கிறேன்.

நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன். பிப்ரவரி மூன்றாம் தேதி உன் ஜனவரிக் கடிதம் வந்தது. ராய்கான் கொட்டிலில் நின்று படிக்க ஆரம்பித்தாள். "சுகம்" என்ற வார்த்தையே இல்லை. எழுத்து உன்னுடையது, பெர்மெத்துடையது இல்லை. குட்டி பனிமேல் படுத்ததும் ராய்கான் நிறுத்திவிட்டாள். மீதியை வாய்க்குள் படித்தாள். பிறகு தாளை மடித்து என் மடியில் வைத்து, என் தலையில் இருந்த வெள்ளை முக்காட்டை அவிழ்த்துவிட்டுத் தன்னுடைய கறுப்பைக் கட்டினாள். பெண்கள் ஒவ்வொருத்தியாக எழுந்து வந்து என்னைச் சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். நான் என் மகளைப் பெயர் சொல்லி அழுதேன் அக்கா, இரண்டு இரவும் இரண்டு பகலும் அழுதேன்.

துணையதிகாரியிடம் விடுமுறை கேட்டுப் போனேன். அவன் ரஷ்யன், நல்ல மனிதன்தான். தாளை வாங்கி, எங்கள் ஆள் ஒருவனை மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டான். "ஏம்மா, இதுல ஒரு குதிரைக்குட்டி பனியில படுத்திருக்கு. அவ்ளோதானே இருக்கு? உன் பொண்ணு செத்துட்டான்னு எங்க எழுதியிருக்கு?" என்றான். மொழிபெயர்த்தவன் தலையைக் குனிந்துகொண்டான். நானும் ராய்கானும் அவனைப் பாவம் என்று பார்த்தோம். நம் வழக்கம் தெரியாதவன், அவனுக்கு என்ன புரியும் என்று நினைத்தோம். "போன் லைன் அறுந்து கிடக்கு. திங்கக்கிழமை சரியானதும் ஊருக்குப் பேசிக் கேக்கறேன். அதுவரைக்கும் பொறு" என்றான். அன்று வெள்ளிக்கிழமை.

மூன்று நாள் பொறுத்திருக்கலாம். இப்போது எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் நான் கணக்குப் போட்டுவிட்டேன். உன் கடிதத்துக்கு முந்தின நாள், ஜனவரி பதினைந்து என்று வைத்தால் நாற்பதாம் நாள் பிப்ரவரி இருபத்துமூன்று. மண் போடவும் இல்லை, ஏழாம் நாளுக்கும் இல்லை, நாற்பதுக்காவது தாய் இருக்க வேண்டாமா? திங்கள்கிழமை அவன் கேட்டு, மேலே எழுதி, அனுமதி வருவதற்குள் நாள் போய்விடும். சனிக்கிழமை காலை பேர் கூப்பிட்டபோது "இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, பால் வண்டியோடு வெளியே நடந்தேன்.

மூன்றாம் நாள் கணவாய் அடிவாரச் சோதனைச் சாவடியில் பிடித்தார்கள். அதற்குள் இடது கால் என்னுடையதாக இல்லை. மகளின் நாற்பதுக்குப் போகிறேன் என்று சொன்னேன். அங்கேயிருந்த போலீஸ்காரன் நம்மவன், சின்னப் பையன், கண் கலங்கிவிட்டது. வயர்லெஸ்ஸில் யாரையோ பிடித்து, அவர்கள் சாரி-பெல்லைப் பிடித்து, ஒரு மணி நேரம் ஆயிற்று. திரும்பி வந்தவன் என் முகத்தையே பார்க்கவில்லை. "அக்கா, உங்க பொண்ணு வீட்ல இருக்காளாம். இப்பதான் ரொட்டி தின்னாளாம்" என்றான்.

நான் அவன் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தேன். எந்தத் தாளை நீட்டினாலும் கையெழுத்துப் போட்டேன். நம்பு அக்கா, என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை.

இடது காலில் நான்கு விரல்களை எடுத்துவிட்டார்கள். மிச்சமிருந்தது ஒன்றரை வருஷம், தப்பி ஓடியதற்கு இரண்டரை. ஆக நான்கு. நான் வரும்போது அவளுக்குப் பன்னிரண்டு முடிந்திருக்கும்.

இரண்டு குதிரைகள் படமும் வந்து சேர்ந்தது. முக்காடு நன்றாக இருக்கிறது. பிள்ளைக்கு எதுவும் தெரிய வேண்டாம். முக்கியமாக அவள் கதையால்தான் என்று தெரியவே வேண்டாம். தையல் கடையில் வேலை முடியவில்லை என்று சொல்லு. தொக்தொசுன் கூட்டிப்போனால் அழாமல் போகச் சொல்லு.

ஜுமாகுல்

*

சாரி-பெல்
1999 மார்ச் 27

ஜுமாகுல், எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. சுகம் விசாரிக்க எனக்கு இனி வாய் இல்லை.

நவம்பரில் நீ கேட்டாய். நேராகச் சொல், சரி என்று ஒரு வார்த்தை எழுது என்று கேட்டாய். நான் அதைத் தாண்டிக் குதித்துப் பனியைப் பற்றியும் நிலக்கரியைப் பற்றியும் எழுதினேன். என் வகுப்பில் தினமும் பத்துப் பேர் செத்து, எலும்பைப் பையில் போட்டுவிட்டு எல்லோரும் சாப்பிடப் போகிறார்கள். பிள்ளைகளின் கதையில் வரும் சாவைப் பார்த்துப் பார்த்து என் கண்ணுக்கு அது சாவாகவே தெரியாமல் போய்விட்டது. வாசிக்கப் போவது நீ, நடுவில் ஒரு கணவாய், நம் வழக்கம் ஒன்று இருக்கிறது. இதெல்லாம் ஒரு நொடி தோன்றியிருந்தால் "பிழைத்துவிட்டாள்" என்று ஒரு சொல் சேர்த்திருப்பேன். ஒரு சொல்லுக்கு நேரம் இருந்தது.

நவ்ரூசுக்கு மறுநாள் தொக்தொசுன் வந்தான். கொடுக்க மாட்டேன் என்று வாசலை மறித்து நின்றேன். அவன் கோபத்தில் தெருவே கேட்கக் கத்தினான். "ஜெயில்ல இருந்து ஓடினவளுக்குப் பிள்ளை ஒரு கேடா? இதெல்லாம் உன் கதைப் பள்ளிக்கூடம் பண்ண வேலை! இந்தக் குட்டி உளறினதை நீ எழுதி அனுப்பி, அவ காலை வெட்டிட்டாங்க, இன்னும் நாலு வருஷம் போட்டுட்டாங்க!" போலீஸ் பிப்ரவரியிலும் தண்டனைக்குப் பிறகும் பேசியது பஞ்சாயத்து ஆபீஸ் போனில். ஊருக்கே தெரிந்திருக்கிறது, உன் கடிதம் வரும்வரை எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. பெர்மெத் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

அவன் வண்டியில் மூட்டை ஏற்றும்போது என்னிடம் வந்தாள். "நான் சொன்ன கதையாலயா பெரியம்மா?" இல்லை என்றேன். "அப்ப யாரால?" என்னால் என்றேன். "நீங்க ஒண்ணும் சொந்தமா எழுதலையே. நான் சொன்னதைத்தானே எழுதினீங்க" என்றாள். இருபத்திரண்டு வருஷம் வாத்தியாராக இருக்கிறேன் ஜுமாகுல், அவள் கோட்டுப் பொத்தானை மட்டும் போட்டுவிட்டேன்.

அழாமல்தான் போனாள். நீ சொல்லச் சொன்னாய் என்று நான் சொல்லக்கூட இல்லை.

அனார்கான்

*

தொக்தொசுன் பெரியப்பா வீடு
1999 ஏப்ரல் 18

அம்மாவுக்கு.

நான் உயிரோடு இருக்கிறேன். இது என் கையெழுத்து. பக்கத்தில் யாரும் இல்லை. காய்ச்சல் இல்லை, இருமல் கொஞ்சம் இருக்கிறது, காலையில் மட்டும்.

நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். முகவரியை அனார்கான் பெரியம்மாவிடம் வாங்கினேன்.

இங்கே பெரியப்பா, பெரியம்மா, மூன்று அண்ணன்கள். நான் காலையில் இரண்டு வாளி, சாயங்காலம் இரண்டு வாளி தண்ணீர் கொண்டுவருகிறேன். வாளி பெரியது. யாரும் அடிக்கவில்லை. நடு அண்ணன் ஒரு தடவை அடித்தான்.

பள்ளிக்கூடத்தில் புது டீச்சர், நீ கதை எழுதுவாயாமே, எழுது என்றார். எனக்குத் தெரியாது என்று சொன்னேன். எல்லோரும் எழுதினார்கள். நான் வாய்ப்பாடு எழுதினேன்.

நேற்று எங்கள் ஆடு இரண்டு குட்டி போட்டது. ஒன்று செத்துவிட்டது. செத்தது ஆட்டுக்குட்டிதான். வேறு யாரும் இல்லை. பெரியம்மா அனார்கான் நன்றாக இருக்கிறார். எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள். நான் பெயர் சொல்லி எல்லோரையும் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

இனி நடந்ததை மட்டும் எழுதுவேன் அம்மா. ஒவ்வொரு ஞாயிறும் எழுதுவேன். ஒரு வாரம் கடிதம் வராவிட்டால் வேன் வரவில்லை என்று அர்த்தம். வேறு அர்த்தம் எதுவும் இல்லை.

பெர்மெத்